ஈரப் புல்லில் ஒரு பந்து

துபாயில் புல் மழைக்கு வளர்வதில்லை, குழாய்த் தண்ணீருக்கு வளர்கிறது. அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினேழு வருடமாக வண்டி கழுவி, பந்து பொறுக்கி, மட்டைகளுக்குப் பிடி மாற்றிக் கொண்டிருந்த நஸ்ருதீனுக்கு இது நன்றாகத் தெரியும். மைதானத்தில் சீராக வெட்டிய பாதைக்கு இருபுறமும் வெட்டாமல் வளர விட்டிருக்கும் புல்லுக்கு ‘ரஃப்’ என்று பெயர். பந்து அதற்குள் போய்விட்டால் வெளியே அடிப்பது பெரும்பாடு. ஆனால் துபாய் ரஃப் என்னதான் உயரமாக இருந்தாலும் உலர்ந்த புல்தான். மட்டை உள்ளே போய் வெளியே வந்துவிடும்.

அதனால்தான் மைதானத்தில் மட்டை செய்யும் பட்டறையின் சூப்பர்வைசர் அந்தப் புது மட்டையை அவனிடம் கொடுத்து அனுப்பினார். அயர்லாந்துக்குக் குடிபோகும் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்தது. அந்த ஊரில் எந்நேரமும் மழையாம். நனைந்து கனத்துக் கிடக்கும் புல்லில் மட்டை எப்படி வெட்டிக்கொண்டு போகிறது என்று பார்க்க வேண்டும், பாலைவனத்தில் அதற்கு எங்கே போவது? உங்கள் ஊரில் நவம்பரில் மழைதானே, லீவில் போகும்போது அடித்துப் பார்த்து வீடியோ அனுப்பு, சரியாகச் செய்தால் பட்டறை மேசையில் உனக்கு ஒரு இடம் பார்க்கலாம் என்றார்.

பட்டறை மேசை என்றால் ஏசி அறை. நாற்பத்தாறு வயதில், முழங்கால் இரண்டும் முனக ஆரம்பித்த பிறகு, வெயிலில் வண்டி கழுவுகிறவனுக்கு அது என்ன என்று வெயிலில் வண்டி கழுவியவர்களுக்குத்தான் தெரியும். திருச்சி விமான நிலையத்தில் மட்டை இருந்த துணிப் பையை அவிழ்த்துப் பார்த்தவர்கள் எல்லோரும், நீங்க ஆடுவீங்களா என்று ஒரு மாதிரி கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

வீடு டி.ஆர். பட்டினத்தில். பக்கத்திலேயே போலகத்தில் அவனுக்கு ஒரு மனை இருந்தது. கல் நட்டு, பெயர்ப்பலகை வைத்து, எல்லா மனையும் விற்று, ஒருவரும் வீடு கட்டாத நகர் அது. நவம்பர் மழைக்குப் புல் முழங்கால் வரை வளர்ந்து, தன் கனத்திலேயே சாய்ந்து கிடந்தது. அயர்லாந்தைப் பார்த்திராத நஸ்ருதீனுக்கு இதைவிட நல்ல அயர்லாந்து கிடைக்கப் போவதில்லை.

அந்தப் புல்லில் மாடு கட்டிக்கொள்ளச் சொல்லி சின்னப்பிள்ளைக்கு அவன்தான் முன்பே சொல்லியிருந்தான். சின்னப்பிள்ளை மனைக்குப் பின்னால் குடியிருப்பவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவனுடைய பிள்ளைகள் எல்லாம் அவள் வீட்டுப் பாலைக் குடித்து வளர்ந்தவை. இவன் துபாயில் இருக்கும்போது மனைவி ஜஸீலாவுக்குக் காய்ச்சல் என்றால் பாலோடு ரசமும் வந்துவிடும். செவலை என்று ஒரே ஒரு மாடு. உம்பளாச்சேரிக் கலப்பு, சின்ன உடம்பு, பெரிய தீனி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் மனைக்குப் போனார்கள். ஜஸீலா ஒரு கையில் குடையும் மறு கையில் செல்போனுமாக நின்றாள். தூறிக்கொண்டிருந்தது.

“மச்சான், இதுக்குப் பேருதான் ஆட்டமா? புல்லு அறுக்கிற மாதிரில்ல இருக்கு.”

“நீ பேசாம எடு. உன் குரலும் சேந்து பதிவாகுது.”

முதல் பந்து இரண்டடிதான் நகர்ந்தது. ஈரப்புல் மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருகி, பந்தில் படும் முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டது. மணிக்கட்டில் சுளீர் என்றது. இரண்டாவதும் அப்படியே. பிறகு பிடியை இறுக்கி, மட்டையைச் சற்றுச் செங்குத்தாக இறக்கினான். புல்லும் தண்ணீரும் சேற்றுக்கட்டியும் ஒன்றாகத் தெறித்தன. பந்து எழும்பி, மூன்று மனைக்கல் தாண்டி விழுந்தது. மட்டை திரும்பவில்லை. அகலமான அடிப்பாகம் சேற்றில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போனது. நஸ்ருதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினேழு வருடம் மற்றவர்கள் ஆடுவதையே பார்த்தவன், முதல்முறையாகத் தன் சொந்த நிலத்தில் நின்று அடிக்கிறான். ஜஸீலாவுக்கும் சிரிப்பு வந்தது, படம் ஆடியது.

கொண்டுவந்த பந்துகளில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. நடு மனையில், புல் அடர்ந்து கிடந்த இடத்தில்தான் போய் விழுந்தது. காலால் விலக்கி, குனிந்து, கையால் துழாவிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்துவிட்டான்.

“அவ்வளவுதானா?” என்றாள் ஜஸீலா.

“மூணு நிமிஷந்தான் தேடணும். அதுக்கு மேல தேடக்கூடாது, பந்து போயிருச்சுன்னு அர்த்தம். சட்டமே அப்படித்தான்.”

அது உண்மைதான். கோல்ஃப் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாரும் மாடு கட்டும் புல்லில் ஆடியவர்கள் இல்லை.

மட்டையைத் துடைத்துப் பையில் வைக்கும்போது சின்னப்பிள்ளை செவலையை ஓட்டிக்கொண்டு வந்தாள். வழக்கமாக அவள் இவ்வளவு சீக்கிரம் வரமாட்டாள். மழைக்கு முளைத்த இளம்புல்லை ஈரத்தோடு தின்றால் மாட்டுக்கு வயிறு ஊதும் என்று வெயில் ஏறின பிறகுதான் கட்டுவாள். இரண்டு நாளாக வைக்கோல் போர் நனைந்து கிடந்தது, மாடு பசியில் கத்தியது, அதுதான்.

“ஈரமா இருக்கேன்னு யோசனையாத்தான் இருக்கு தம்பி. செத்த நேரம் கட்டிட்டு ஓட்டிட்டுப் போயிடுறேன். பந்தெல்லாம் பொறுக்கிட்டீங்களா?”

“எல்லாம் எடுத்தாச்சுக்கா. கட்டுங்க.”

ஜஸீலா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பையின் வாரை இழுத்துக் கட்டினான். ஒன்று கிடைக்கவில்லை என்று சொன்னால் அந்த அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் தேட இறங்கிவிடுவாள், கூடவே தானும் இறங்க வேண்டும், வீடியோவை அனுப்ப நேரமாகும். ஒரு பந்துதானே. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வெறும் சோம்பல்தான்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. சின்னப்பிள்ளையின் மகன் கார்முகில். உரக்கடையில் வேலை பார்ப்பவன், எப்போதும் நிதானமாகப் பேசுகிற பையன். அன்று மூச்சு வாங்கியது.

“சாயந்தரம் பால் இல்லக்கா, அம்மா சொல்லச் சொன்னுச்சு. மாட்டுக்கு முடியல. ஈரப்புல்லத் தின்னு வயிறு ஊதிப்போச்சு. வாயில எச்சி நூலா ஊத்துது, கழுத்த நீட்டி நீட்டி இருமுது. வாயில ஊத்திவிடக் கொஞ்சம் நல்லெண்ணெய் இருக்குமா? கடையெல்லாம் அடைச்சிருக்கு.”

ஜஸீலா உள்ளே ஓடிப்போய் அடுப்படியில் இருந்த எண்ணெய் பாட்டிலை அப்படியே எடுத்து வந்து கொடுத்தாள். பைக் தெருமுனை திரும்பும் வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“மச்சான். கழுத்த நீட்டி இருமுதுங்கிறான்.”

நஸ்ருதீன் செருப்பைக் காலில் மாட்டினான். அவனுக்குக் கார்முகில் சொல்லும்போதே உறைத்துவிட்டது.

“போயிப் பாருங்க,” என்றாள் ஜஸீலா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆனா நீங்களா வாயத் தொறந்துறாதீங்க. இப்ப காலம் எப்படி இருக்கு? பாய் மனையில பசு மாடு செத்துப்போச்சுன்னு எவனாவது போன்ல போட்டு விட்டான்னா, அப்புறம் நம்ம சொல்றத யாரு கேக்கப்போறா.”

பெண்டாட்டி சொல்லை அவன் எப்போதும் அவ்வளவு சீக்கிரம் கேட்பவன் இல்லை. அன்றைக்குக் கேட்டுக்கொண்டான்.

கொட்டகையில் அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். செவலை நான்கு காலையும் அகட்டி நின்றது. இடது விலாவுக்கு மேலே வயிறு மத்தளம் மாதிரி எழும்பியிருந்தது. சின்னப்பிள்ளை அதன் தலையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். எச்சில் அவள் சேலையெல்லாம் வழிந்திருந்தது.

“எம் புத்திய செருப்பால அடிக்கணும்,” என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஈரத்துல கட்டாதன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவேன். நானே கட்டினேன் பாரு. எங் கையாலயே கட்டினேன்.”

கூட்டத்தில் ஒருவன் செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நஸ்ருதீன் மாட்டைப் பார்த்ததைவிட அந்தப் போனைத்தான் அதிகம் பார்த்தான். கால் தானாக ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கியது.

“வாங்க தம்பி,” என்றாள் சின்னப்பிள்ளை. “பாத்தீங்களா என் லட்சணத்த.”

கார்முகில் எண்ணெயை மூங்கில் குழாயில் ஊற்றினான். அது இவர்கள் வீட்டு எண்ணெய். இருவர் மாட்டின் முகத்தை மேலே தூக்கிப் பிடித்தார்கள். அப்போது கழுத்து நீண்டது. தாடைக்குக் கீழே, இடப்பக்கத்தில், தோலுக்கு அடியில் ஒரு சின்னப் புடைப்பு. செவலை விழுங்க முயலும்போதெல்லாம் அது ஏறி இறங்கியது. மற்றவர்கள் எல்லோரும் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

ஊத்தாதீங்க. ஒரே ஒரு சொல். அது நாக்கு வரைக்கும் வந்தது. சின்னப்பிள்ளை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வருகிறான் என்று நினைத்தவள் போல. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எண்ணெய் உள்ளே போனது. உடனே செவலை உடம்பெல்லாம் குலுங்க இருமியது. மூக்குத் துவாரம் இரண்டிலும் எண்ணெய் வழிந்தது. பிடிச்சுக்க, பிடிச்சுக்க, இன்னொரு குழாய் ஊத்தினா அடங்கிரும் என்றார் யாரோ. இன்னொரு குழாயும் ஊற்றினார்கள். நஸ்ருதீன் அதையும் நின்று பார்த்தான்.

“நான் போயி டாக்டரக் கூட்டியாறேன்,” என்றான் பிறகு. எல்லோரும் அவனை நன்றியோடு பார்த்தார்கள். அதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கால்நடை டாக்டர் தமிழ்வேந்தன் காரைக்காலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, போனைத் தூர வைத்துவிட்டுப் படுத்திருந்தார். அவன் போய் எழுப்பியதும் முகம்கூடக் கழுவாமல் பையை எடுத்துக்கொண்டு, அவன் ஓட்டிவந்த கார்முகிலின் பைக்கில் பின்னால் ஏறினார். போகும் வழியில் போனைப் பார்த்துவிட்டு, “அங்கேருந்து ஒருத்தர் மாட்டோட வீடியோ அனுப்பியிருக்காரு. கழுத்து சரியாத் தெரியல. நீங்க பாத்தீங்களா?” என்றார்.

படம் எடுத்தவன் டாக்டருக்குத்தான் எடுத்திருக்கிறான். நஸ்ருதீனுக்குக் காது சூடானது. பின்னால் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற ஒரே தைரியத்தில் சொன்னான்.

“தொண்டையில பந்து இருக்கும் சார். என் பந்து. காலையில புல்லுல விட்டுட்டேன்.”

டாக்டர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“எண்ணெய் ஊத்தினாங்களா?”

“ஊத்திட்டாங்க.”

“நீங்க இருக்கும்போதா?”

அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். “சீக்கிரம் போங்க,” என்றார் டாக்டர்.

கொட்டகைக்கு வந்ததும் அவர் முதலில் விலாவில் குழல் இறக்கிக் காற்றை வெளியேற்றினார். ஊதிய வயிறு கண் முன்னாலேயே தணிந்தது. பிறகு வாயைத் திறந்தபடி நிற்கக் கட்டை கொடுத்து, வெளியே இருந்து கார்முகிலைக் கழுத்தில் மேல்நோக்கித் தள்ளச் சொல்லிவிட்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டார். எடுத்தபோது உள்ளங்கையில் எச்சிலும் ரத்தமுமாக ஒரு வெள்ளைப் பந்து இருந்தது. மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள்.

“என்னது அது?” என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

டாக்டர் நஸ்ருதீனைப் பார்த்தார். சொல்லட்டும் என்று காத்திருப்பது தெரிந்தது. அதற்குள் சின்னப்பிள்ளை எட்டி டாக்டர் கையிலிருந்து பந்தை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

“ரோட்டுல பசங்க ஆடுற பந்து. மனைக்குள்ள வந்து விழுந்து கெடந்திருக்கும். நாந்தான் பாக்காம கட்டிட்டேன்.”

அப்படிச் சொல்லும்போது அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சாலையில் ஆடுகிற பசங்களை நாலு பேர் நாலு விதமாகத் திட்டினார்கள். அந்த நிமிடத்தில் நஸ்ருதீனுக்கு வந்தது நிம்மதி. வேறு எதுவுமே இல்லை, சுத்தமான நிம்மதி. அதற்காகத்தான் அவன் பிறகு தன்னை அதிகம் வெறுத்தான்.

டாக்டர் கிளம்பும்போது சின்னப்பிள்ளையிடம் சொன்னார். “பந்து போயிருச்சு, அதுல பயம் இல்ல. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிருந்தா அதுதான் சிக்கல். ஊசி போட்டிருக்கேன். பாப்போம்.”

திங்கட்கிழமை செவலை கொஞ்சம் தண்ணீர் குடித்தது என்று கார்முகில் போனில் சொன்னான். செவ்வாய்க்கிழமை காய்ச்சல், மூச்சு இழுப்பு. அன்று சாயங்காலம் துபாயிலிருந்தும் செய்தி வந்தது. வீடியோ பிரமாதம், வாடிக்கையாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது, திரும்பி வந்ததும் பட்டறையில் சேர்ந்துகொள். நஸ்ருதீன் போனை ஜஸீலாவிடம் நீட்டினான். அவள் படித்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, போனைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரும் அன்று டீ போடவில்லை. பாக்கெட் பால் வாங்கி வந்தது அப்படியே இருந்தது.

“நாந்தான் உங்களப் பேச வேணாம்னேன்,” என்றாள்.

“நீ சொல்லலன்னாலும் பேசியிருக்க மாட்டேன்,” என்றான். டாக்டரிடம் சொன்னதை விட்டால், அது அவன் அந்த வாரத்தில் சொன்ன முதல் உண்மை.

புதன்கிழமை காலையில் கார்முகில் வந்தான். பைக்கை விட்டு இறங்கவில்லை.

“விடியக்காலம் போயிருச்சுண்ணே. எங்களுக்குப் பொதைக்க இடம் இல்ல. உங்க மனையில ஒரு ஓரமா பொதைச்சுக்கலாமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னுச்சு.”

நஸ்ருதீன் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, மண்வெட்டியோடு வந்தான். “இதெல்லாம் கேக்கணுமா, ஏறு,” என்றான். ஏறு என்றானே தவிர, கார்முகில்தான் பைக்கில் இருந்தான், இவன் தரையில் நின்றான். தான் என்ன பேசுகிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

மழை விட்டிருந்தது. மண் இளகிக் கிடந்தும் குழி வெட்ட நேரம் பிடித்தது, வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. கார்முகிலோடும் இன்னும் இரண்டு பேரோடும் சேர்ந்து அவனும் வெட்டினான். கொஞ்சம் ஓய்வெடுங்கண்ணே என்று அவர்கள் சொன்னபோதும் நிறுத்தவில்லை. முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது. செவலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு பழைய புடவையைப் போர்த்திக் கொண்டுவந்து இறக்கினார்கள். மண் தள்ளி முடிந்ததும் மற்றவர்கள் கை கால் கழுவ வாய்க்காலுக்குப் போனார்கள். சின்னப்பிள்ளை மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நஸ்ருதீன் போய் நின்றான்.

“அக்கா, அந்தப் பந்து என்னோடது.”

“தெரியும். நீங்க அடிச்சத நான் எங்க வீட்டுக் கொல்லையிலேருந்து பாத்துக்கிட்டுதான இருந்தேன்.”

“அப்புறம் ஏன்க்கா பசங்க பந்துன்னு சொன்னீங்க?”

“நாலு பேரு முன்னால உங்களக் காட்டிக் குடுக்க மனசு வரல. அன்னிக்கு நீங்க நின்ன நெலமையும் அப்படி இருந்துச்சு.”

“வேற மாடு வாங்கித் தாரேன்க்கா. நல்ல மாடா.”

“அதப் பத்தி இப்ப பேசாதீங்க.” அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்தாள். “பந்து கெடந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னதுக்கும் சொல்ல மாட்டேன், அவசரத்துல நானும் எத்தனையோ சொல்லிருக்கேன். ஆனா நாங்க எண்ணெய் ஊத்தறப்ப நீங்க எதிர்லதான நின்னீங்க தம்பி. நான் உங்கள நிமிந்து பாத்தேன்ல?”

“பாத்தீங்கக்கா.”

“ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஊத்தியிருக்க மாட்டோமே.”

“பயந்துட்டேன்க்கா. கூட்டம் இருந்துச்சு. போனெல்லாம் வச்சிருந்தாங்க. இப்ப எங்க ஆளுங்கன்னா என்னென்னவோ நடக்குது. ஏதாவது ஆயிருமோன்னு பயந்துட்டேன்.”

சின்னப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டாள். அந்தப் பயம் அவளுக்குப் புரியாததில்லை என்பது அவள் ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது. கோபமாகக்கூட எதுவும் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எனக்குமா பயந்தீங்க தம்பி?”

இல்லை என்று சொல்லத்தான் நஸ்ருதீன் வாயைத் திறந்தான். கொட்டகையில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியபோது அந்தக் கூட்டத்தில் இவளும்தான் இருந்தாள், அப்போது இவளைத் தனியாகப் பிரித்து அவன் நினைக்கவில்லை. அதனால் அந்தச் சொல் வரவில்லை. அவள் தரையில் கையை ஊன்றி எழுந்து, வீட்டைப் பார்த்து நடந்தாள்.